பர்மா மிருகத்தின் இடது கொம்பு

அந்த மிருகம் என்ன மிருகம் என்பதில் எங்கள் வீட்டில் ஒரு நாளும் ஒற்றுமை இருந்ததில்லை. யானை என்றேன் நான். துதிக்கை இருக்கிறது, இரண்டு பக்கமும் கொம்பு இருக்கிறது, வேறென்ன வேண்டும்? மீன் என்றார் என் வீட்டுக்காரர். உடம்பு முழுக்கச் செதிள் செதுக்கியிருந்தது; வாலும் மீன்வால்தான். எங்கள் மகள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தாள்.

"கண்ணைத் திறந்து பாருங்கோ ரெண்டு பேரும். குருவிச் செட்டை இருக்கு, குதிரைக் கால் இருக்கு, மாட்டுக் காது இருக்கு."

"கடலுக்குப் போற மனுசனுக்கு எதைக் கண்டாலும் மீன்தான்," என்றேன்.

"உனக்கு எதைக் கண்டாலும் சண்டைதான்," என்றார் இவர்.

அது உண்மைதான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முன்பள்ளியில் சின்னஞ்சிறுசுகளை மேய்க்கிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் பிழைப்பு நடக்காது. ஆனால் அந்த மிருகத்தின் விஷயத்தில் என் வாய் ஒன்றுக்கும் உதவவில்லை.

வாடைக் காற்றுக் காலத்தில் பர்மாப் பக்கமிருந்து மூங்கில் தெப்பங்கள் அடித்து வருவது எங்கள் கரைக்குப் புதிதல்ல. அங்கே ஏதோ நேர்த்திக்காக நீரில் விடுவார்களாம். கயிறு அறுந்தோ என்னவோ சில இவ்வளவு தூரம் வந்துவிடும். நாங்கள் மூங்கிலைப் பிரித்தெடுத்து வாடிக்குப் போடுவோம். வாடி என்றால் வலையும் எஞ்சினும் வைக்கிற ஓலைக் கொட்டில். எங்கள் வாடி நிற்கிற துண்டுக் கரை இவருடைய தகப்பன் காலத்திலிருந்து எங்கள் புழக்கம். காணி உறுதி கிறுதி ஒன்றும் கிடையாது. கரைக்கு யார் உறுதி எழுதுவார்? இரண்டு பக்கமும் பாறை. நடுவில் இருக்கிற அந்தத் துண்டு மணலில்தான் இவர் வள்ளத்தை இழுத்து ஏற்றுவார். அது இல்லையென்றால் வள்ளம் இல்லை, வள்ளம் இல்லையென்றால் எங்கள் வீட்டில் அடுப்பு இல்லை. என் முன்பள்ளிச் சம்பளத்தை நம்பி ஒரு பூனையைக்கூட வளர்க்க முடியாது.

அந்த முறை வந்த தெப்பத்தின் முன்பக்கத்தில் இந்த மிருகம் கயிற்றால் கட்டியிருந்தது. ஒரு கன்றுக்குட்டி அளவு. உடம்பு முழுக்கத் தங்கம். இவ்வளவு கடலையும் தாண்டி வந்தும் மினுக்கம் குறையவில்லை. கழுத்தைச் சுற்றிப் பச்சைக் கண்ணாடித் துண்டும் முகம் தெரிகிற கண்ணாடித் துண்டும் மாறி மாறிப் பதித்திருந்தார்கள். இவர் கயிற்றை அவிழ்க்க முடியாமல் இழுத்த இழுப்பில் இடது கொம்பு அடியோடு முறிந்து கையில் வந்தது.

"கோதாரி! உடைச்சுப் போட்டனே," என்று கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. ஊரான் வீட்டுப் பிள்ளையைத் தள்ளி விழுத்தியவர்போல நின்றார்.

அன்றைக்கே அதை வாடிக்குள் வைத்து ஒட்டினார். ஓட்டை விழுந்த வள்ளத்துக்குப் போடுகிற பைபர் துணி, அதே ரெசின். காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வள்ளத்துக்குப் பெயர் எழுத வைத்திருந்த மஞ்சள் பெயின்ரை மேலே பூசினார். தூரத்தில் நின்று பார்த்தால் தெரியாது. கிட்டப் போனால் வள்ளத்து ஒட்டு என்று சின்னப் பிள்ளையும் சொல்லும்.

மகள் போனில் தேடி எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். பர்மாவில் இப்படி ஐந்து மிருகத்தை ஒன்றாகச் சேர்த்துச் செய்வார்களாம். அது நல்ல சகுனமாம். தேக்கில் செதுக்கி, ஒரு மரத்திலிருந்து வடிகிற பாலைத் திரும்பத் திரும்பப் பூசுவார்களாம். அந்தப் பால் வெயிலில் சரிவரக் காயாதாம், ஈரமான இருட்டறையில்தான் இறுகுமாம். அதே பாலில் சாம்பலைக் குழைத்து நூல்போல உருட்டிப் பூவேலை செய்து, சிவப்புப் பூசி, கடைசியில் தங்கரேக்கு ஒட்டுவார்களாம்.

"பழசோ பிள்ளை?" என்று கேட்டார் இவர்.

"இல்லையப்பா. இப்பவும் செய்யினம், கடையளிலயும் விக்கினம். இது புதுசு. மினுக்கத்தைப் பாருங்கோவன்."

ஐந்து மிருகம் என்றதும் யானையும் மீனும் தோற்றுப்போயின. எனக்குப் பரவாயில்லை. எனக்கு அதன் முகம் பிடித்துவிட்டது. சிரிக்கவும் இல்லை, உறுமவும் இல்லை. எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. பள்ளியில் சில பிள்ளைகள் அப்படிப் பார்க்கும். வீட்டு வேலை முடித்துவிட்டு அதைப் பார்க்கவென்றே வாடிக்குப் போனேன், சொன்னால் வெட்கம்.

கரையில் இருக்கிற சின்ன அம்மன் கோயிலுக்கு வாகனமாகக் கொடுத்துவிடலாம் என்று இவருக்கு எண்ணம். என் அண்ணன் அந்தக் கோயில் நிர்வாகத்தில் இருக்கிறார், வந்து பார்க்கச் சொன்னோம். வந்தார், பார்த்தார், கதிரையில் தொப்பென்று இருந்தார்.

"தங்கச்சி, உது ஆரின்ர சாமான் எண்டு தெரியுமோ? புத்த கோயில் சாமான். உங்கட வாடிக்க உது கிடந்ததெண்டு ஒரு கதை வெளிக்கிட்டாப் போதும். பழைய இடம், பாதுகாக்க வேணும் எண்டு நாளைக்குத் தொல்பொருள் ஆக்கள் வந்து வேலி போட்டால் ஆரிட்டப் போய் நிப்பீங்கள்?"

"கடலெல்லோ கொண்டந்தது அண்ணை."

"கடல் வந்து சாட்சி சொல்லுமோ?"

வெளியூர்க்காரருக்கு இது விசர்க்கதையாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் எந்தக் கரையில் கேட்டாலும் இந்தப் பயம் இருக்கிறது. சில இடத்தில் நடந்திருக்கிறது, சில இடத்தில் வெறும் கதை. பயத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அண்ணன் எழும்புவதற்கு முன்னமே மகளைக் கூப்பிட்டு, போனில் எடுத்த படங்களை எல்லாம் அழிக்கவைத்தார். அவளும் ஒவ்வொன்றாக அழித்தாள். இவர் கொம்பு ஒட்டுகிற படம் ஒன்று நல்லாய் வந்திருந்தது. அதுவும் போனது.

அடுத்த நாள் இவர் மிருகத்தை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டுபோய் ஆழத்தில் விட்டுவிட்டு வந்தார். துறைமுகத்துக்குள் போகக் கப்பல்கள் காத்துக் கிடக்கிற இடத்துக்கும் அப்பால். விடிந்து பார்த்தால் எங்கள் பாறைக்குப் பக்கத்தில் மல்லாந்து ஆடிக்கொண்டு நிற்கிறது. மரம் மிதக்கும் என்று கடலில் பிறந்து வளர்ந்த மனிதருக்குத் தெரியாதா? தெரியும். கல்லைக் கட்டித் தாழ்க்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

"எரிச்சுவிடு மச்சான்," என்றார் அண்ணன்.

"கண் இருக்கிறதை எரிக்க ஏலாது," என்றார் இவர்.

எங்கள் கோயில்களில் பின்னப்பட்ட உருவத்தை வீசுவதில்லை. கடலில் விடுவார்கள் அல்லது மண்ணில் தாழ்ப்பார்கள், அதற்கென்று ஒரு மரியாதை உண்டு. கடல்தான் வேண்டாம் என்றுவிட்டதே. ஆகவே மண். ஊர் எல்லாம் சாப்பிட்டுவிட்டுச் சாய்கிற மத்தியான நேரம் வாடிக்குப் பின்னால் தாழம்பற்றைக்குப் பக்கத்தில் கிடங்கு வெட்டினார். நான் யூரியா பை ஒன்றை உதறிக் கொண்டுபோனேன்.

"இதுக்க போட்டுக் கட்டுங்கோ."

"குப்பையோ இது?" என்று சீறினார். அப்படி அவர் என்மேல் சீறுவது குறைவு. வீட்டுக்குப் போய், திருவிழாவுக்கென்று எடுத்து வைத்திருந்த புது வேட்டியைக் கொண்டுவந்தார். மஞ்சள் தண்ணீர் தெளித்து, வேட்டியால் சுற்றி, ஒரு தேங்காயும் கற்பூரமும் வைத்துத் தாட்டார்.

"இதென்ன செத்த வீடோ?" என்று கேலி பண்ணத் தொடங்கினேன். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. அவர் மண்ணைத் தள்ளிக்கொண்டே, "அழாதை, கண்ணுக்க மண் போகும்," என்றார். யாருடைய கண் என்று சொல்லவில்லை.

மூன்று மாரி போனது. மகள் போனை மாற்றினாள், பிறகு கலியாணம் கட்டிக் கந்தளாய்க்குப் போனாள். எங்களுக்கு அந்த இடம் ஒரு தாழம்பற்றை, அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் முன்பள்ளி வாசலில் பக்கத்து வாடிப் பொம்பிளை மூச்சு வாங்க வந்து நின்றாள். "அக்கா, ஓடி வாங்கோ! மழைத் தண்ணி ஓடக் கான் வெட்ட வந்த பெக்கோ மெசின் உங்கட வாடிக்குப் பின்னால ஏதோ கிண்டி எடுத்திருக்கு." இவர் கடலில். பிள்ளைகளை மற்ற ரீச்சரிடம் விட்டுவிட்டு ஓடினேன்.

கரை முழுக்கச் சனம். பெக்கோ ஓட்டிவந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். நடுவில் எங்கள் மிருகம். வேட்டியில் ஒரு நூல் இல்லை. தேங்காய் இருந்த இடம் தெரியவில்லை. தங்கம் பாதி உரிந்து, உள்ளே இருந்த சிவப்பு வெளியே வந்து, சிவப்பும் உரிந்த இடத்தில் கறுப்பு வந்து, செதிளுக்குள் எல்லாம் மண் இறுகிப்போய் இருந்தது. மரத்துக்கும் மேற்பூச்சுக்கும் ஒரு குறையும் இல்லை. ஈர இருட்டில் இறுகுகிற பால் அல்லவா! நாங்கள் தாட்டது புதுப் பொம்மை. அவர்கள் கிண்டி எடுத்தது ஆயிரம் வருசத்துச் சாமான்.

"எவ்வளவு காலத்துப் பழசோ," என்று யாரோ சொன்னார்கள். எனக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. சுற்றிவரப் பார்த்தேன். அண்ணன் தூரத்தில் நின்று வாயில் விரலை வைத்துக் காட்டினார். என் நீட்டு வாய் அன்றைக்குத்தான் முதல்முதலாக மூடிக்கொண்டது.

பொலிஸ் வந்தது, தொல்பொருள் அதிகாரிகள் வந்தார்கள். யாரும் எங்களைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். மஞ்சள் நாடா கட்டினார்கள், பிறகு கட்டை நட்டுக் கம்பி போட்டார்கள். ஆராய்ச்சி முடியும்வரை உள்ளே யாரும் புழங்கக்கூடாது, வாடியையும் வள்ளத்தையும் எடுத்துவிடுங்கள் என்றார்கள். எப்போது முடியும் என்று கேட்டோம். சொல்ல முடியாது என்றார்கள். இவர் வள்ளத்தை வேறு கரையில் ஏற்றப் பார்த்தார். எல்லாக் கரையும் இன்னொருவருடைய பிழைப்பு. எத்தனை நாளைக்கு இடம் கொடுப்பார்கள்? கடைசியில் வள்ளம் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தது. முற்றத்தில் வள்ளம் நிற்கிற வீட்டை எங்கள் பக்கத்தில் ஒருமாதிரித்தான் பார்ப்பார்கள். இவர் மற்றவர் வள்ளத்தில் கூலிக்குப் போனார். கூப்பிடாத நாளில் முற்றத்தில் வள்ளத்து நிழலில் இருந்து, கிழியாத வலையைப் பொத்தித் தைத்தார்.

அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அண்ணன் பேச்சைத் தூக்கி எறிந்துவிட்டு உண்மையைச் சொல்லப் புறப்பட்டேன். எங்கே போய் யாரிடம் சொல்வது என்று அறிவதற்கே மாதக்கணக்கில் அலைந்தேன். கடைசியில் நகரத்தில், ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரிகிற ஓர் அறையில் இருந்த இளம் அதிகாரியிடம் கொண்டுபோய் விட்டார்கள். சிங்களப் பிள்ளை. தமிழ் படித்திருந்தார், நிதானமாகப் பேசினார். தெப்பத்திலிருந்து தாழம்பற்றைவரை ஒன்றும் விடாமல் சொன்னேன். நடுவில் ஒரு தடவையும் குறுக்கே பேசவில்லை.

"படம் இருக்கா அம்மா?"

"அழிச்சுப் போட்டம் மாத்தையா."

"சுத்தின துணி?"

"உக்கிப் போச்சு. பருத்தி வேட்டி."

"ஏன் புதைச்சீங்க?"

அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? ஆனால் சொன்னேன். "உங்களுக்குப் பயந்துதான்."

அவர் பேனையை மூடி வைத்தார். பிறகு, "அம்மா, நான் உங்களை நம்புறேன். ஆனா என்ட நம்பிக்கைய எழுதி அனுப்ப ஏலாது. கொழும்புல பார்க்கிறவங்களுக்குச் சாமான் வேணும்," என்றார். பழைய மரத்தில் செய்திருந்தால் சோதனைகூடப் பழசு என்றுதான் சொல்லும் என்றும் சொன்னார்.

யூரியா பை ஞாபகம் வந்தது. அந்தப் பையில் போட்டுக் கட்டியிருந்தால், பையின் எழுத்தே எங்களுக்காகப் பேசியிருக்கும். குப்பைபோலப் புதைத்திருந்தால் பிழைத்திருப்போம். மரியாதை செய்தோம், அது மண்ணோடு மண்ணாய்ப் போய்விட்டது. இதை நான் வீட்டுக்காரரிடம் இன்றுவரை சொல்லவில்லை. என் வாயை அடக்கிய இரண்டாவது இடம் இது.

எழும்பும்போது, ஒருக்கால் அதைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பின்னறைக்குக் கூட்டிப்போனார். மேசைமேல் வெள்ளைத் துணியில் நின்றது. கண்ணாடிக் கழுத்தைத் துடைத்திருந்தார்கள். அதே பார்வை, இன்னும் பதில் வரவில்லை என்கிற மாதிரி. வலது பக்கம் கொம்பு இருந்தது. இடது பக்கம் மொட்டை.

"மாத்தையா, மற்றக் கொம்பு எங்க?"

"எடுத்த நேரமே இல்லை. பழைய காலத்துலயே உடைஞ்சிருக்கும் எண்டு எழுதியிருக்காங்க."

"ஐயோ, அது இவர் ஒட்டினது! வள்ளத்துக்குப் பூசுற ரெசினால ஒட்டினது!"

அந்தப் பிள்ளையின் முகம் மாறியது. குனிந்து மொட்டையைப் பார்த்தார், விரலால் தடவினார். வெறும் மரம். ரெசின் கொம்போடு சேர்ந்து கழன்று போயிருக்கிறது. நிமிர்ந்து, "அந்தக் கொம்பைக் கொண்டு வாங்க அம்மா. ரெசின் ஒட்டின கொம்பு ஒண்டு போதும், நானே எழுதுவேன்," என்றார். வாசல்வரை வந்து மறுபடியும் அதையே சொன்னார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன்! இவர் கேட்டுவிட்டு எழும்பி இடுப்புச் சறத்தை மாற்றினார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் வேகமாக நடந்ததைப் பார்த்தேன். பெக்கோ வெட்டிய மண் கரையில் இல்லை. அன்றைக்கே ரக்டர் ஒன்று ஏற்றிப் போய்விட்டது. ரக்டர்காரரைத் தேடிப் பிடித்தோம். அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த மண்ணைப் பாலையூற்றில் ஒரு புது வீட்டு அத்திவாரத்துக்குள் நிரப்பக் கொட்டினாராம்.

"இப்ப வீடு எந்தளவில நிக்குதோ தெரியாது, போய்ப் பாருங்கோ."

இவர் மேசன்மாருடைய மண்ணரிக்கிற தட்டு ஒன்றை இரவல் வாங்கினார். ஓட்டோவில் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். "மண் குவியலாய்க் கிடந்தா ரெண்டு நாளில அரிச்சுப்போடுவன்," என்றார். "பரவியிருந்தா நாலு நாள். கேட்டால் விடுவினம்." நான் ஓம் ஓம் என்று கொண்டிருந்தேன்.

சந்தியில் இறங்கித் திரும்பியதும் தெரிந்தது. வாசலில் இரண்டு வாழை, மாவிலைத் தோரணம், உள்ளே ரேடியோவில் பக்திப் பாட்டு, பால் பொங்கிய வாசனை. அன்றைக்கு அந்த வீட்டுக்குக் குடிபூரல்.

இவர் தட்டை மதிலுக்கு வெளியே சாய்த்துவைத்தார். திரும்பிப் போய்விடலாம் என்றேன். அதற்குள் ஓர் இளம் பெண் ஓடிவந்து, "வாங்கோ வாங்கோ, அவரின்ர பக்கத்து ஆக்களோ? உள்ள வாங்கோ," என்று என் கையைப் பிடித்துவிட்டாள். அவளுடைய புருசன் கட்டாரில் உழைத்துக் கட்டிய வீடு. இதற்கென்று லீவு எடுத்து வந்திருந்தார். எங்களை அவர் சொந்தம் என்று அவளும், அவள் சொந்தம் என்று அவரும் நினைத்திருக்கவேண்டும். இரண்டு பேரும் மாறி மாறி உபசரித்தார்கள். விறாந்தையிலிருந்து குசினிவரைக்கும் சிவப்புச் சீமெந்து போட்டு மினுக்கிய நிலம். முகம் தெரிந்தது. பாய் விரித்து எங்களை இருத்தி, வாழையிலையில் பாலில் பொங்கிய புக்கை வைத்தார்கள்.

நான் இவரைப் பார்த்தேன், இவர் என்னைப் பார்க்கவில்லை. பாய்க்கு வெளியே, வெறும் நிலத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தார். எந்த இடத்தில் கிடக்குமோ, இந்த அறையிலோ, சாமியறையிலோ, அடுப்புக்குக் கீழேயோ. உடைத்துப் பார்க்கவேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்பதற்கு என் நாக்கு மேலே எழும்பவில்லை.

அவள் பாயாசத்தோடு வந்தாள். இவர் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு அவளுக்குப் பெரிய சந்தோசம்.

"நிலம் நல்லாச் சில்லெண்டு இருக்கென்ன, ஐயா? எல்லாரும் சொல்லுகினம். உள்ளுக்குக் கடற்கரை மண் போட்டனாங்கள், அதாலதானாம்."

"ஓம் பிள்ளை," என்றார் இவர். "நல்ல மண்."

"நீங்கள் எவடம்?"

இவர் கரையின் பெயரைச் சொன்னார்.

"ஐயோ, அங்கத்த மண்தானே இது!" என்று அவள் சிரித்துக்கொண்டு, இவருடைய கிளாசை விளிம்புவரை நிரப்பினாள். "அப்ப உங்கட இடத்திலதான் இருக்கிறீங்கள். வெக்கப்படாமல் வடிவாச் சாப்பிடுங்கோ."

இவர் கையை நிலத்திலிருந்து எடுத்துச் சறத்தில் துடைத்துவிட்டு, கிளாசை வாங்கிக் குடித்தார்.